ஆட வாங்கிய சீட்டு

1890-களிலும் அதற்கடுத்த இருபது ஆண்டுகளிலும் அமெரிக்காவில் ரயிலேறி ஊர் பார்க்கப் போனவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களில் சில சமயம் ஒரு சீட்டுக்கட்டும் இருக்கும். போன பாதையின் காட்சிகளைச் சீட்டுக்கு ஒன்றாகப் புகைப்படமாய் அச்சடித்த கட்டு அது. கணவாய், அருவி, ஆற்றுப் பாலம், பாறையைக் குடைந்து போட்ட தண்டவாளம் என்று 52 சீட்டிலும் 52 இடங்கள். ஜோக்கரிலும் படம் போட்டிருந்தால் 53. வாங்கியவர்கள் ஆடுவதற்கென்றே வாங்கினார்கள், ஆடவும் செய்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்மார் இன்று அதே கட்டை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வந்தவர் யாராவது எடுத்துக் கலைக்கப் போனால் பதறுகிறார்கள்.

சீட்டில் புகைப்படம் ஏறுவதற்கு முதலில் அச்சுத்தொழில் வழிவிட வேண்டியிருந்தது. 1880-கள் வரை புகைப்படத்தை அப்படியே அச்சு இயந்திரத்தில் ஏற்ற முடியாது. ஒருவர் அதைப் பார்த்து மரக்கட்டையிலோ கல்லிலோ வரைந்து கொடுக்க வேண்டும். படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைத்துத் தகட்டில் பதிக்கும் ஹாஃப்டோன் முறை அந்தப் பத்தாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம் சீட்டுத் தொழிலும் பெருகிக்கொண்டிருந்தது. சின்சினாட்டி நகரில் சுவரொட்டிகளும் லேபிள்களும் அச்சடித்துவந்த ரஸ்ஸல், மார்கன் கம்பெனி 1881-இல் சீட்டுப் போடத் தொடங்கியது. அப்போது 20 தொழிலாளர்கள், நாளுக்கு 1,600 கட்டுகள். நாம் இன்றும் கடையில் பார்க்கும் பைசைக்கிள் மார்க் சீட்டு 1885-இல் அங்கே பிறந்ததுதான். அந்தக் கம்பெனியே பிறகு யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி ஆயிற்று.

ரயில் கம்பெனிகளுக்கும் தேவை இருந்தது. மேற்கே போட்ட பாதைகள் தாதுவையும் மாட்டையும் சுமந்து பிழைத்துக்கொண்டிருந்தன. பெட்டி நிறைய மனிதர்களும் வர வேண்டுமென்றால் அந்த மலைகளைக் கிழக்கே இருப்பவர்களுக்குக் காட்டியாக வேண்டும். சுவரொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்துவிடுவார்கள். சீட்டுக்கட்டோ மாலைதோறும் நான்கு பேர் கையில் புழங்கும். வாங்கியவரே காசும் கொடுத்து, தன் வீட்டு மேசையில் 53 விளம்பரங்களைப் பரப்பி வைத்தார். இதைவிடச் சாமர்த்தியமான விளம்பரத்தை நான் அறியேன்.

பயணிக்கும் வேறு வழி குறைவு. 1888-இல் வந்த முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய பணமல்ல. 1900-இல் ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா வந்தது. அதன் பிறகும் கொஞ்ச காலம், ஆடும் ரயிலிலிருந்து நல்ல படம் எடுப்பது எல்லோருக்கும் கைவந்த வித்தையாக இருக்கவில்லை. போன இடத்தின் படம் வேண்டுமானால் விலைக்குத்தான் வாங்க வேண்டும். சீட்டுக்கட்டாக வாங்கினால் படத்தோடு ஆட்டமும் கிடைத்தது. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு அன்றைய விரைவு ரயிலில் ஏறக்குறைய மூன்று நாள். இன்று விமானத்தில் நாலு நாலரை மணி நேரம். அந்த மூன்று நாளில் ஜன்னலுக்கு வெளியே கண்ட மலையே கையிலிருக்கும் சீட்டிலும் இருந்தது.

ஆடுவதற்கு அந்தச் சீட்டு எப்படி என்று கேட்கலாம். சாதாரணச் சீட்டில் ஆட்டின் ஏழு என்றால் நடுவில் ஏழு சிவப்பு இதயங்கள் இருக்கும். ராஜா, ராணி, ஜாக்கியை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தக் கட்டுகளில் நடுப்பகுதி முழுவதையும் படம் பிடித்துக்கொள்ள, எண்ணும் குறியும் மூலைக்கு ஒதுங்கிவிட்டன. ரம்மி ஆடியவர்களுக்குத் தெரியும், சீட்டை விசிறிபோல விரித்துப் பிடித்தால் கண் போவது மூலைக்குத்தான். ஆகவே ஆட்டத்துக்குப் பெரிய குறையில்லை. இரண்டு தாள்களை நடுவில் கருத்த பசை வைத்து ஒட்டுவதால் விளக்கு வெளிச்சத்தில் எதிராளிக்குச் சீட்டு தெரியாது. உயர்ந்த ரகக் கட்டுகளுக்கு ஓரத்தில் பொன்முலாம் பூசுவார்கள். நூறு ஆண்டு கழித்துப் பார்க்கையில் அந்தப் பொன் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் விரல்கள் பிடித்திருக்கின்றன என்று கண்டுகொள்ளலாம்.

சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகள் நம்மிடம் மட்டும் இருந்தன என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் கட்டுப்பெட்டியான கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ராஜா, ராணி போட்ட சீட்டு நுழையவே கூடாது. அவர்களுக்காகவே 1906-இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி வெறும் எண்களும் நிறங்களும் கொண்ட ரூக் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. நம் பக்கம் தடை வேறு மாதிரி. வீட்டில் பெரியவர் இருக்கும்போது சீட்டு வெளியே வராது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்தால் அதே பெரியவர் முதல் ஆளாக வந்து உட்காருவார்.

ரயில் கட்டுகளுக்கு முன்னோடி பொருட்காட்சிக் கட்டுகள். சிகாகோ, 1893 என்றால் தமிழ் வாசகருக்கு விவேகானந்தர் நினைவுக்கு வருவார். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியது நமக்குத் தெரிந்த வரலாறு. செப்டம்பர் 11-இல் அவர் பேசிய சர்வமதப் பேரவை, கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் கால்வைத்த 400-வது ஆண்டைக் கொண்டாடிய உலகப் பொருட்காட்சியை ஒட்டி நடந்தது. மே முதல் அக்டோபர் வரை 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுகள் அங்கே பதிவாயின. வந்தவர்கள் வாங்கிப் போன நினைவுப் பொருள்களில் காட்சி வளாகத்தின் மாளிகைகளைத் தாங்கிய சீட்டுக்கட்டும் உண்டு. அந்த வெள்ளை மாளிகைகள் பெரும்பாலும் சட்டத்தின்மேல் சாந்தும் நாரும் கலந்து பூசியவை. ஒரு பருவத்துக்கென்று கட்டியவை. 1894-இல் பற்றிய தீயில் பலவும் போயின. ஓவியங்களைக் காப்பதற்காகச் செங்கல்லால் கட்டிய நுண்கலை மாளிகை தப்பியது. 1933 முதல் அது அறிவியல், தொழில் அருங்காட்சியகமாக இருக்கிறது. எரிந்துபோனவற்றைச் சில குடும்பங்கள் இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கின்றன.

குடும்பத்தில் கைமாறி வரும் கட்டோடு ஒரு கதையும் கூடவே வரும். பாட்டியின் அப்பா பொருட்காட்சியில் வாங்கியது, பெரிய தாத்தா தங்கம் தேடி அலாஸ்கா போனபோது வாங்கியது என்பது போல. கதை அன்பினால் வளரும். கட்டின் மேல் ஒட்டிய முத்திரை வளராது.

உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-இல் அமெரிக்க அரசு சீட்டுக்கு வரி போட்டது, 1883-இல் நீக்கியது, 1894 ஆகஸ்டில் கட்டுக்கு 2 சென்ட் என்று மறுபடி விதித்தது. அஞ்சல்தலை போன்ற ஒரு முத்திரையைக் கட்டின்மேல் ஒட்ட வேண்டும். கம்பெனி தன் முதலெழுத்துகளையும் தேதியையும் குத்தி அதை ரத்து செய்யும். 1917-இல் வரி 7 சென்ட் ஆயிற்று, 1919-இல் 8, 1924-இல் 10, 1941-இல் 13. 1965-இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். ஆகவே தாத்தா 1893-இல் சிகாகோவில் வாங்கியது என்று வீட்டில் சொல்லும் கட்டில் 7 சென்ட் முத்திரை இருந்தால் ஒன்று கட்டு வேறு, அல்லது தாத்தா வேறு. உண்மையான 1893 கட்டில் வரி முத்திரையே இராது, ஏனென்றால் அந்த ஆண்டு வரியே இல்லை. சின்சினாட்டிக் கம்பெனி 1904 முதல் இஸ்பேட் ஆஸில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்த்து அச்சிட்டது. அந்த எழுத்தைக் கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அன்று இதையெல்லாம் யாரும் கவனித்ததில்லை. கட்டைப் பிரிக்கும்போது முத்திரை கிழிந்தது, கிழிந்ததைத் தூக்கிப் போட்டார்கள். இன்று பாதி முத்திரை ஒட்டிய பெட்டி கிடைத்தாலும் பூதக்கண்ணாடியைத் தேடுகிறார்கள்.

பங்கு பிரிப்பதில் சீட்டுக்கட்டு ஒரு விநோதமான சொத்து. நிலத்தை அளந்து பிரிக்கலாம். நகையை நிறுத்துப் பார்த்து, வேண்டுமானால் உருக்கியும் பிரிக்கலாம். நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு என்று கணக்கு அழகாக வரும். ஆனால் கட்டு அத்தோடு தீர்ந்தது. எனவே அது யாராவது ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் ஆடத் தெரிந்தவரிடம் அல்லாமல், எதையும் எறிய மனம் வராதவரிடம்.

இனி அந்தச் சீட்டுகளில் இருக்கும் ரயில்களைப் பார்க்கலாம். மூன்று பாதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தங்க வேட்டைக்காரர்களைக் குறிவைத்து 1898-இல் தொடங்கிய ஒய்ட் பாஸ், யூகான் பாதை, அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து கனடாவின் ஒய்ட்ஹார்ஸ் வரை 110 மைல். 1900 ஜூலையில் வேலை முடிந்தபோது வேட்டையின் உச்சம் தணிந்துவிட்டது. அந்தக் கம்பெனி ஏறக்குறைய அதே சமயத்தில் வெளியிட்ட சீட்டுக்கட்டில் பனிப்பாறையும் செங்குத்துச் சரிவும் அதில் தொற்றிச் செல்லும் ரயிலும் உண்டு. அதன்பின் எண்பது ஆண்டு அந்த ரயில் சரக்கும் தாதுவும் சுமந்தது. உலோக விலை விழுந்து சுரங்கங்கள் மூடியதும் 1982-இல் நின்றது. 1988-இல் மறுபடி ஓடத் தொடங்கியபோது அதற்கு ஒரே வேலைதான்: கப்பலில் வந்திறங்கும் சுற்றுலாக்காரர்களை மேலே கூட்டிப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஒய்ட்ஹார்ஸ் வரை இப்போது அது போவதில்லை. ஏறத்தாழ 1,200 பேர் குடியிருக்கும் ஸ்காக்வேயில் கப்பல் பயணிகள் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தொடுகிறார்கள்.

கொலராடோவில் ஆர்கன்சா ஆறு கருங்கல்லை அறுத்துக்கொண்டு போகும் ராயல் கார்ஜ் இன்னொன்று. ஆயிரம் அடி ஆழப் பள்ளத்தாக்கு, ஓரிடத்தில் முப்பது அடி அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. ஆற்றைத் தவிர வேறெதுவும் நுழைய முடியாத அந்த இடத்தில், இரண்டு பாறைச் சுவர்களுக்கும் இடையே இரும்புச் சட்டம் கொடுத்து அதிலிருந்து 1879-இல் பாலத்தைத் தொங்கவிட்டார்கள். டென்வர், ரியோ கிராண்ட் கம்பெனியின் கட்டில் இது இல்லாமல் இருக்காது. பள்ளத்தாக்கின் உச்சியில் இன்று எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் தொங்குபாலம் 1929-இல் வந்தது. பழைய சீட்டில் அந்த இடத்தில் வெறும் வானம். பயணிகள் ரயில் 1967-இல் நின்றது. 1999 முதல் ஓடுவது சுற்றுலா ரயில்.

மூன்றாவது, கிராண்ட் கேன்யன். வில்லியம்ஸ் ஊரிலிருந்து 64 மைல் பாதை போட்டு 1901 செப்டம்பர் 17 அன்று முதல் ரயில் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு வந்து நின்றது. கட்டணம் 3 டாலர் 95 சென்ட். அதற்கு முன்பு குதிரை வண்டியில் ஒரு பகல் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போனார்கள். ரயிலில் மூன்று மணி நேரம். பிறகு மோட்டார் கார் வந்தது. 1968-இல் கடைசியாகப் போன ரயிலில் மூன்றே பயணிகள் இருந்தார்கள். 1989-இல், முதல் ரயில் வந்த அதே செப்டம்பர் 17 அன்று, சுற்றுலாவுக்கென்று மறுபடி ஓட விட்டார்கள். தேசியப் பூங்காவாக்கிய 1919-இல் அங்கே வந்தவர்கள் சுமார் 44,000 பேர். இன்று ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் காரில் வருகிறார்கள்.

மூன்று பாதைக்கும் ஒரே தலையெழுத்து என்பது தற்செயல் அல்ல என்றே எனக்குப் படுகிறது. அன்று ரயில் எங்கோ போவதற்கு இருந்தது. போனதை நினைத்துக்கொள்ளச் சீட்டு இருந்தது. இன்று அந்த ரயிலில் ஏறுகிறவர் எங்கும் போகவில்லை. ரயிலேறியதுதான் அவருடைய பயணம். சீட்டு செய்த வேலையை ரயிலே செய்துகொண்டிருக்கிறது. நாலு பேர் தொழிலுக்கும் பிழைப்புக்கும் நம்பியிருந்த ஒன்று, பார்த்து ரசிக்கும் பொருளாகிப் பிழைத்துக்கொண்டது. இதை இழப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றுலா வந்திராவிட்டால் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

கிராண்ட் கேன்யன் பாதையை நடத்திய சாண்டா ஃபே ரயில்வேயோடு சேர்ந்து விடுதிகளும் உணவகங்களும் நடத்தியது ஃபிரெட் ஹார்வி கம்பெனி. நிறுவியவர் 1901-இல் காலமானார். கம்பெனி வளர்ந்துகொண்டே போனது. 1905-இல் பள்ளத்தாக்கின் விளிம்பில் எல் தோவார் விடுதியும், எதிரே மேரி கோல்ட்டர் வடிவமைத்த ஹோப்பி ஹவுஸ் கடையும் திறந்தன. அந்தக் கம்பெனி 1911-இல் வெளியிட்ட தென்மேற்குக் காட்சிச் சீட்டுக்கட்டு இன்றும் பல குடும்பங்களில் கிடைக்கும் வகை. அதில் இயற்கைக் காட்சிகளோடு அந்த மண்ணின் பூர்வகுடிகளும் இருக்கிறார்கள்: பியூப்ளோ கிராமங்கள், நெசவு நெய்யும் நவஹோ பெண்கள், ஹோப்பி மக்கள்.

அன்று இதை யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. மலையும் மனிதரும் ஒரே கட்டில் அடுத்தடுத்த சீட்டு. படத்தின் கீழே இடத்தின் பெயரோ இனத்தின் பெயரோ பெரும்பாலும் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. ஹோப்பி ஹவுஸில் வந்து தங்கிக் குடம் வனைந்து காட்டிய நம்பேயோ போன்ற ஒரு சிலரின் பெயரே வெளியே தெரிந்தது; அவர் வனைந்த குடங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கேமராவோடு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஹோப்பிச் சடங்குகளுக்குள்ளேயே முக்காலியை நட்டபோது அந்த மக்களின் பொறுமை எல்லை கடந்தது. சடங்குகளைப் படமெடுக்கத் தடை வந்தது. இன்று ஹோப்பிக் கிராமங்களுக்குள் போகிறவர் படமெடுக்கவோ ஒலி, ஒளி பதியவோ கூடாது, வரைந்துகொள்வதும் கூடாது.

ஆக, இன்று எடுக்க முடியாத படங்கள் சில ஒரு குடும்பத்தின் இழுப்பறையில் பரம்பரைச் சொத்தாக இருக்கின்றன. சீட்டை வாங்கியவருக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பதுபோல, சீட்டில் இருப்பவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கட்டு யாருடைய குடும்பச் சொத்து என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் சொல்லும். எனக்கு அந்தப் பதில் முழுதாகத் தோன்றவில்லை.

ரயில் கட்டின் காலம் நீளவில்லை. ஒரு டாலர் கேமராவும் ஒரு சென்ட் அஞ்சலட்டையும் சேர்ந்து அதன் இடத்தைப் பிடித்தன. படம் போட்ட அஞ்சலட்டையில் சேதியும் எழுதி ஊருக்கு அனுப்பிவிடலாம். ரயில் கம்பெனிகள் அதற்குப் பிறகும் சீட்டு வெளியிட்டன. ஆனால் 53 படங்கள் போய், பின்பக்கத்தில் ஒரே படம் என்று ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த இடத்துக்கு விமானங்கள் வந்தன. கேட்ட பயணிக்குப் பணிப்பெண் ஒரு கட்டைக் காசு வாங்காமலே கொடுத்தார். தமிழ்நாட்டு வீடுகளுக்கு நினைவுச் சீட்டு வந்த வழியும் அதுதான். 1946-இல் ஏர் இந்தியாவின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் உருவாக்கிய மகாராஜா சின்னத்தைப் பின்பக்கத்தில் தாங்கிய அந்தக் கம்பெனியின் கட்டை, வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த மாமா ஒரு சோப்பு, ஒரு டார்ச் லைட்டோடு கொண்டுவந்து கொடுத்திருப்பார். அந்தச் சீட்டில் ரம்மி ஆடித் தேய்த்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். இப்போது பெரும்பாலான விமானங்களில் சீட்டு கிடையாது. இருக்கையின் முதுகில் திரை இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் கையில் இருக்கிறது. கைப்பேசியில் காசு வைத்து ஆடிய ரம்மி பல குடும்பங்களைக் கவிழ்த்த பிறகு, 2025-இல் இணையப் பண விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. அந்தச் சீட்டைக் கலைத்ததும் யந்திரம், பிரித்துப் போட்டதும் யந்திரம்.

தொழிலும் இடம் மாறியது. சின்சினாட்டிக் கம்பெனி பக்கத்து நார்வுட்டில் நூறு ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டு 2009-இல் கென்டக்கியின் எர்லாங்கருக்குப் போனது. 2019-இல் பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி அதை வாங்கியது. அருங்காட்சியகக் கடைகளிலும் தேசியப் பூங்காக்களிலும் படச்சீட்டு இன்றும் விற்கிறார்கள். பளிச்சென்ற வண்ணம், வழுக்கும் பூச்சு, பிழையில்லாத வெட்டு. தரத்தில் இன்றைய சீட்டு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் உள்ள காட்சியைப் போன வாரமே நாம் இணையத்தில் பார்த்திருப்போம். 1900-இல் ஒஹாயோவில் ஒரு குடியானவர் வீட்டுக்கு வந்த சீட்டில் இருந்த பனிப்பாறை, அந்த வீட்டுக் குழந்தைகள் அதுவரை பார்த்த ஒரே பனிப்பாறையாக இருந்திருக்கக்கூடும்.

பழைய கட்டுகளுக்கு விலை இருக்கிறது; குடும்பத்தார் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரும்பாலும் இல்லை. பெட்டியும் எல்லாச் சீட்டும் ஜோக்கரும் குறையாத, பரவலாகக் கிடைக்கும் ரயில் கட்டுக்குச் சில பத்து டாலர் கிடைக்கும். அரிதானவை நூறுகளைத் தொடும். முத்திரை கிழியாமல் பிரிக்காமலே இருந்தால் இன்னும் கூடும். சேகரிப்பவர்கள் இதற்கென்று தடித்த வழிகாட்டி நூல்களை வைத்திருக்கிறார்கள். 1970-களில் ஜீன் ஹாக்மன் தொடங்கியது அவற்றில் பெரியது. கணக்கு இப்படிப் போகிறது: யாரும் தொடாத கட்டு உயர்ந்தது, கொஞ்சம் ஆடியது நடுத்தரம், ஆடி ஆடி மூலை மழுங்கியது ஒன்றுக்கும் ஆகாதது. சந்தையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வீட்டில் மூன்று தலைமுறை கை பட்டு, ஓரத்துப் பொன் முழுக்கப் போய், இஸ்பேட் பத்துக்குப் பதில் யாரோ மை தொட்டு எழுதிய அட்டைத்துண்டு ஒன்றைச் சேர்த்து வைத்த கட்டு எதிரே இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

மற்றொரு பக்கம், முன்பு எட்டாதது இன்று எட்டுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் கேரி சேகரிப்பு என்ற பெயரில் பல நாட்டு, பல நூற்றாண்டுச் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றை வீட்டிலிருந்தே திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அன்று ஒரு குடும்பம் தன்னிடம் இருந்த ஒரு கட்டைத்தான் அறியும். இன்று தன்னிடம் இருப்பது எந்தக் கட்டு, எந்த ஆண்டு, என்ன குறைகிறது என்பதை ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம். கதையின் பிழையையும் அதே மாலையில் தெரிந்துகொள்ள நேரும். பாட்டி சொன்ன ஆண்டு தவறு என்று முத்திரை காட்டும்போது சிலர் வருந்துகிறார்கள். வருந்த வேண்டியதில்லை. பாட்டிக்கு ஆண்டு மறந்திருக்கும். அந்த ரயிலில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது மறந்திருக்காது. அதைக் கேட்டு எழுதி வைக்காமல் விட்டது நம் தலைமுறையின் குறை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பழைய கட்டு இருக்கலாம். ரயில் கட்டாக இருக்க வேண்டியதில்லை. மகாராஜா படம் போட்டதாகவே இருக்கட்டும். அதைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உருகி ஒட்டிய ரப்பரின் கறை போகாது. பிளாஸ்டிக் உறைக்குப் பதில் சாதாரணக் காகித உறை போதும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். சீட்டின்மேல் எதுவும் எழுத வேண்டாம். தனித்தாளில், பென்சிலால், யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, யாரெல்லாம் ஆடினார்கள் என்று எழுதி உள்ளே வையுங்கள். தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எண்ணிப் பார்த்து ஒன்றிரண்டு குறைந்தால் எறிந்துவிட வேண்டாம். ரம்மிக்கு ஆகாது, அவ்வளவுதான்.